கிடங்குச் சுவரில் பதினொரு ஓட்டை

என் தம்பி மகளைப் பற்றி ஏற்காடு பஜாரில் ஒரு பேச்சு உண்டு. மாரமங்கலம் ரோட்டில் எங்கள் குடும்பம் கட்டிய விதைக் கிடங்கில் மட்டமான சரக்கைப் போட்டுக் கமிஷன் அடித்துவிட்டாள், அதனால்தான் முதல் மழைக்கே சுவர் வேர்த்துப்போயிற்று என்பார்கள். அது பொய். பொய் என்பது மற்ற எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரியும். சுவரைக் கெடுத்தவன் நான்.

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. சேலத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவன். விவரம் தெரியாத மனுஷன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச முடியாது. நானும் பேசப் போவதில்லை.

எங்கள் குடும்பத் தொழில் மிளகும் காப்பியும் வாங்கி விற்பது. மலைக் கிராமங்களிலிருந்து விவசாயிகள் எங்கள் டிப்போவுக்கு மூட்டை கொண்டு வருவார்கள். விலை பேசுவது தம்பி. மூட்டையைச் சோதிப்பது நான். சோதிக்க ஒரு குத்தூசி இருக்கும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான இரும்புக் குழல், முனை கூர், பக்கவாட்டில் வாய் திறந்திருக்கும். மூட்டையின் வயிற்றில் இறக்கிச் சாய்த்தால் நடுவில் இருக்கும் மிளகு உருண்டு உள்ளங்கைக்கு வரும். மேலே காய்ந்ததும் நடுவில் ஈரமுமாக வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு கலக்கிறவர்கள் உண்டு. நல்ல மிளகு கனக்கும், பொக்கு மிளகு கையில் நிற்காது. குத்திப் பார்க்காமல் ஒரு மூட்டையும் நான் வாங்கியதில்லை. என் மாமனார் தோட்டத்து மூட்டையையும் குத்தியிருக்கிறேன்.

கொட்டச்சேடு கிராமத்து விவசாயி ஒருவர் வருடம் தவறாமல் கேட்பார்: "ஏனுங்க, மூட்டயக் குத்தியாச்சு. அப்பிடியே என்னயும் ஒரு குத்துக் குத்திப் பாத்துருங்க, உள்ள என்ன கெடக்குதுன்னு."

"உங்களக் குத்துனா நேத்து குடிச்சதுதானுங்க வரும்," என்பான் தம்பி.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையில் ஊசியை இறக்குவேன். உருவிய பிறகு ஊசி முனையால் சாக்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாலு கீறு கீற வேண்டும். இழை நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். குத்திய தடம் தெரியாது.

கொரோனா அடங்கிய மறு வருடம் தம்பி மாரடைப்பில் போனான். தொழில் அதற்கு முன்பே மெலிந்துவிட்டது. விவசாயி இன்றைய விலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறான். கம்பெனி வண்டி தோட்டத்து வாசலுக்கே வந்து எடை போடுகிறது. எங்கள் டிப்போவில் பாதி இடம் காலி. மாரமங்கலம் ரோட்டில் இருந்த எங்கள் காப்பிக் களத்தில் காப்பி காயப்போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கார் கற்றுக்கொள்கிறவர்கள் அதில் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு ஒரே பிள்ளை, மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் குளிர்கிடங்கு கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவள். அப்பாவின் காரியத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒரு நாள் காலையில் என்னைக் களத்துக்கு அழைத்துப் போனாள்.

"பெரியப்பா, இங்க லாட்ஜ் கட்டலாம்னு அண்ணன் போன்ல சொல்றாங்க. ஏற்காட்டுல லாட்ஜுக்குப் பஞ்சமுங்களா? ஞாயித்துக்கெழம ரூம் நெறையும். செவ்வாக்கெழம கொரங்குதான் வரும்."

அண்ணன் என்று அவள் சொன்னது என் மகனை. சென்னையில் இருக்கிறான்.

"பின்ன என்ன கட்டறது கண்ணு?"

"ஒரே ஒரு ஆளுக்குங்க. அவங்க என்ன கேக்கறாங்களோ அது மட்டும்."

அந்த ஒரே ஆள், மலைக்குக் கீழே உள்ள விதைக் கம்பெனி ஒன்று. காய்கறி விதையை வருடக்கணக்கில் வைத்திருக்கக் குளிரும் வேண்டும், வறட்சியும் வேண்டும். கீழே சித்திரை வெயிலில் கிடங்கைக் குளிர வைக்க ஆகும் கரண்டில் பாதி இங்கே போதும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். கம்பெனியும் ஒத்துக்கொண்டது. நாம் கட்டிக் கொடுத்தால் நீண்ட கால லீசுக்கு எடுப்பார்கள். முதல் கிடங்கு சரியாக நடந்தால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மிளகு வியாபாரக் குடும்பம் கிடங்கு கட்டி விடும் குடும்பமாக மாறிவிடலாம்.

"குளிர் இங்க சும்மாவே கெடைக்குது. எதிரி பனிமூட்டந்தானுங்க. ஈரம் ஊசி மொன அளவுகூட உள்ள போகக்கூடாது. செவுரு அப்பிடி இருக்கணும்," என்றாள்.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்ததை நான் மறுக்கவில்லை.

பஜாரில் விஷயம் பரவியபோது டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார்: "ஏற்காட்டுல ஃபிரிட்ஜ் கட்டறீங்களாமா? அடுத்து மேட்டூருக்குப் போயி தண்ணித் தொட்டி கட்டுங்க, நொம்ப நல்லா ஓடும்." கடையே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். களத்தை வங்கிக்கு ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்ட அன்று சாயந்திரமே எனக்குள் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் சந்தேகம், அவள் சரக்குக் கம்பெனியை மாற்றியது. சுவர் செங்கல் இல்லை. இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்து ஒட்டிய பலகை, பேனல் என்கிறார்கள். வெளியே ஒரு செங்கல் கொட்டகை, அதற்குள் பெட்டி மாதிரி இந்தப் பேனல் அறை. முதலில் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் விலை வாங்கினாள். பிறகு அதை விட்டுவிட்டுத் தான் முன்பு வேலை பார்த்தபோது பழக்கமான கோயம்புத்தூர் ஆளிடம் ஆர்டர் கொடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"சென்னைக்காரங்க இருபதடிப் பேனல்தான் போடுவாங்களாமா. இருபதடிய வெச்சுட்டு லாரி நம்ம மலை வளைவுல திரும்புமுங்களா? இவங்க பத்தடியா வெட்டிக் குடுக்கறாங்க."

சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் பஸ்ஸே சில வளைவில் பின்னால் போய்த்தான் திரும்புகிறது. அவள் சொன்னது நியாயம். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. துணிக்கடையில் துண்டுத் துணி, மரக்கடையில் துண்டு மரம். துண்டு எப்போதும் மலிவு. மலிவாக வாங்கிய சரக்குக்கு முழு விலை போட்டால் நடுவில் நிற்பது யார்?

இரண்டாவது சந்தேகத்தைக் கொண்டு வந்தவர் எங்கள் டிப்போவில் கணக்கு எழுதும் ரைட்டர். முப்பது வருடமாக எங்களோடு இருப்பவர். பேனல் இறங்கிய அன்று பார்த்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஐயா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"சரக்கு வெயிட்டே இல்லீங்க. ரெண்டு பசங்க ஒரு செவுத்தயே தூக்கிட்டுப் போறானுங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டே போறானுங்க. செவுத்தத் தூக்கறவன் சிரிப்பானுங்களா?"

அது எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் தொழிலில் எடைதான் தரம். கனமில்லாத சரக்கு பொக்கு. மறுநாள் போய்ப் பேனலைத் தட்டிப் பார்த்தேன். டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. அவளிடம் கேட்டேன். "கனத்துக்கு இல்லீங்க பெரியப்பா இது. உள்ள இருக்கற நொரதான் வேல செய்யும். நொர எப்பிடிக் கனக்கும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசினால் சந்தேகம். என் எதிரிலேயே பேசினால், எனக்குக் கேட்கட்டும் என்று பேசுகிறாள் என்று சந்தேகம். சந்தேகம் பிடித்தவனுக்கு எதிராளி செய்யும் எல்லாமே சாட்சிதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி பங்கு பாதி இப்போது அவள் பெயரிலும் அவள் அம்மா பெயரிலும் இருந்தது. என் மகன் தொழில் பக்கமே வராதவன். எல்லாம் அவள் கைக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயத்துக்குச் சந்தேகம் வசதியாக இருந்தது.

பேனல்களைப் பூட்டி முடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவளும் அவள் அம்மாவும் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிப்போவுக்குப் போய்க் குத்தூசியையும் ஒரு சுத்தியலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனேன். சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. செங்கல் சுவருக்கும் பேனல் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடக்கும் அளவுக்கு ஒரு சந்து. சுற்றி வந்து பார்ப்பதற்காக அவளே விட்டது. அதற்குள் நுழைந்துவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது.

முழங்கால் உயரத்தில் முதல் குத்து. சுத்தியலால் இரண்டு தட்டு. தகரம் மெல்லியது, ஊசி இறங்கிவிட்டது. உருவிச் சாய்த்தேன். மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக நுரை வந்து உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தேன். விரலில் தேய்த்தேன். பழக்க தோஷம், ஒரு துணுக்கைக் கடித்தும் பார்த்தேன். ஒரு மூட்டை நன்றாக இருந்தால் எல்லா மூட்டையும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அதனால் நாலு பக்கமும் போனேன். இரண்டு பேனல் சேரும் இணைப்பில் ஊசி சுலபமாக இறங்கியதால் அங்கேயே அதிகம் குத்தினேன். மொத்தம் பதினொன்று. ஒன்றிரண்டில் ஊசி மறுபக்கத் தகட்டையும் துளைத்துக்கொண்டு போய்விட்டது.

பதினொரு இடத்திலும் ஒரே நுரை. நெருக்கமாக, ஒரே நிறமாக, ஒரு குறையும் இல்லாமல். என் தம்பி மகள் நல்ல சரக்குத்தான் வாங்கியிருந்தாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. சாக்கென்றால் கீறிவிட்டுப் போயிருப்பேன். இது தகரம். பெயின்ட்காரர்கள் விட்டுப்போன பட்டி ஒரு டப்பாவில் கிடந்தது. அதை விரலால் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் அப்பி, மேலே வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தேன். தடம் தெரியவில்லை. அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் அவள் வந்தபோது, "உங்கப்பன் இருந்து பாத்திருக்கணும் சாமி," என்று சொல்லித் தலையில் கை வைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைச் சந்தேகப்பட்டதும் சோதித்ததும் என்னோடு போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

கிடங்கு ஓடத் தொடங்கியது. விதைக் கம்பெனி அறையை நிரப்பியது. கோடையில் எல்லாம் சரியாக இருந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஃபிரிட்ஜ் ஓடுதுங்களா?" என்றபோது அந்தக் குரலில் கிண்டல் குறைந்திருந்தது.

பிறகு மழை வந்தது. மழையைவிடப் பனிமூட்டம். ஐப்பசியில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல எதிர் வீடு தெரியாமல் நிற்கும் மூட்டம். பட்டி ஈரத்தில் ஊறி உதிர்ந்தது. பதினொரு வாய் வழியாக ஈரக் காற்று நுரைக்குள் போனது. உள்ளே குளிர், வெளியே ஈரம். போன காற்று உள்ளேயே நீராகி நின்றது. அறையின் உள்பக்கம் முதலில் வேர்த்தது, பிறகு கறுப்பாகப் பூசணம் பிடித்தது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுவதும் ஓடியும் ஈர அளவு காட்டும் முள் இறங்கவில்லை. அவள் அந்த மாதம் முழுக்கக் கிடங்கிலேயே கிடந்தாள். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தாள், கதவு ரப்பரை மாற்றினாள், கூரை மேல் ஏறினாள்.

கம்பெனி அதிகாரி ஒருவர் கீழிருந்து வந்தார். முளைக்கப்போட்ட விதைத் தட்டு இரண்டைக் கொண்டு வந்திருந்தார். பாதிதான் முளைத்திருந்தது. என்னையும் அவளையும் கூட்டிக்கொண்டு டார்ச் அடித்தபடி அந்தச் சந்துக்குள் போனார். ஓரிடத்தில் நின்றார். வெள்ளைத் தகட்டில் மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை, அதைச் சுற்றித் துரு.

"ஆணி அடிச்சிருக்காங்க பாருங்க. ஜாயின்ட்டுல அடிச்சிருக்காங்க. மேல பட்டி வெச்சு மறைச்சும் இருக்காங்க. மேடம், வேல நடக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

அது என் குத்தூசியின் ஓட்டை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 

"இங்க ஆணி அடிக்கவே இல்லீங்களே," என்றாள் அவள். குனிந்து அந்த ஓட்டையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். "ஒவ்வொரு ஜாயின்ட்டும் நானே நின்னு பாத்தேன். எப்பிடி வந்துச்சுன்னு தெரியல."

"தெரியலன்னா எப்படிங்க?" என்றார் அவர்.

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கம்பெனிக்காரர் சிரித்திருப்பார், ஊர் சிரித்திருக்கும், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு மாதம் பேசியிருப்பார்கள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இருட்டுச் சந்தில் இரண்டு ஓட்டைதான் அவர்கள் கண்ணில் பட்டது. கம்பெனி விதையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் மகன் சென்னையிலிருந்து வந்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். அவளும் அவள் அம்மாவும் ஒரு பக்கம், நானும் மகனும் ஒரு பக்கம்.

"தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்குன. துண்டு துண்டா வாங்குன. ஓட்டையப் பட்டி வெச்சு மறைச்சிருக்காங்க. எவ்வளவு குடுத்தான் உனக்கு?" என்றான் மகன்.

துண்டு என்ற சொல்லை அவனுக்குக் கொடுத்தது நான்தான். பல மாதம் முன்பு போனில்.

அவள் அவனை விட்டு என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, நீங்க தெனமும் வந்து பாத்தீங்க. நீங்க சொல்லுங்க. நான் அப்பிடிப் பண்ணியிருப்பனுங்களா?"

"நான் என்னத்தக் கண்டேன் கண்ணு," என்றேன்.

இந்த நாலு வார்த்தையைத்தான் நான் செய்த குற்றம் என்று சொல்வேன். ஓட்டை போட்டது மடத்தனம்.

அதற்குப் பிறகு எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். அவள் பேனல் பூட்டிய ஆட்களைச் சந்தேகப்பட்டுக் கோயம்புத்தூர் வரை போய்ச் சண்டை போட்டாள். அவர்கள், உங்கள் ஊரில்தான் யாரோ செய்திருக்கிறார்கள் என்றார்கள். அவள் ரைட்டரைச் சந்தேகப்பட்டாள். ரைட்டர் அழுதுகொண்டே என்னிடம் வந்து, "நான் கோள் சொன்னது நெசந்தானுங்க, ஆனா ஊசியளவு துரோகம் பண்ணலீங்க," என்றார். அவரையும் சமாதானப்படுத்தி அனுப்பினேனே தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசியில் அவள் அம்மா பேச்சை முடித்தாள். நஷ்டத்துக்கு ஈடாகக் களத்தில் தங்கள் பங்கை எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் சேலத்துக்கு வாடகை வீட்டுக்குப் போனார்கள். கையெழுத்துப் போட வந்த அன்று அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள்.

நான் செய்த அடுத்த காரியத்தை எழுதக் கூசுகிறது. வேறு ஒப்பந்தக்காரரைப் பிடித்து, ஓட்டை இருந்த பேனல்களை மட்டும் மாற்றச் சொன்னேன். அவர் இயந்திரம் வைத்துச் சோதிக்கக் கிளம்பினார். வேண்டாம் என்று சொல்லி, சந்துக்குள் போய் ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக் காட்டினேன்.

"எப்பிடிங்க இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?" என்று அசந்துபோனார்.

"அனுபவம்," என்றேன்.

மாற்றிய பிறகு கிடங்கு அவள் சொன்னபடியே ஓடியது. வேறொரு கம்பெனி லீசுக்கு எடுத்தது. பெரியவர் கையில் எடுத்ததும் சரியாகிவிட்டது பாருங்கள் என்று பஜாரில் பேசினார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

போன தையில் மாரமங்கலத்து விவசாயி ஒருவர் மிளகு போட வந்தார். வெண்ணெய்ப் பழத் தோட்டம் வைத்திருக்கிறார். பழம் பறித்து வைக்கச் சின்னதாக ஒரு குளிர் அறை கட்ட ஆசை.

"உங்க தம்பி புள்ளயத்தானுங்க கேட்டேன். சேலத்துல பாலிடெக்னிக் வாசல்லயே போயி நின்னு கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? 'நான் கட்டுனா நிக்காதுங்க, வேற ஆளப் பாருங்க'ன்னு சொல்லிருச்சு. படிச்ச புள்ள இப்பிடியா பேசும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் நம்பியது, என் மகன் நம்பினான், அதெல்லாம் தெரிந்ததுதான். அவளே நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. காசு அடித்தேன் என்று நம்பியிருக்க மாட்டாள். கட்டத் தெரியாது என்று நம்பியிருக்கிறாள். அது இன்னும் மோசம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேலத்துக்குப் போனேன். அன்று அவளுக்கு விடுமுறை. கதவைத் திறந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள். "உக்காருங்க," என்றாள். தம்பி மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, குத்தூசி, சுத்தியல், பட்டி, எல்லாம்.

 அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வந்தாள்.

"எத்தன ஓட்ட?"

"பதினொண்ணு."

"எந்தெந்தப் பக்கம்? எவ்வளவு ஒசரம்?"

சொல்லச் சொல்ல வரைந்தாள். கிடங்கின் நாலு சுவரும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். ஒரு புள்ளி வைத்ததும், "இங்கதான் மொதல்ல வேர்த்துச்சு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. "இது ஏன்னு ரெண்டு வருஷமா எனக்கு வெளங்கவே இல்ல. பத்தடியா வெட்டுனது தப்போ, ஜாயின்ட் அதிகமாயிருச்சோன்னு எத்தன தடவ போட்டுப் பாத்தேன் தெரியுமுங்களா?" பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப ஜாயின்ட் நின்னுருக்குது."

"நின்னுச்சு கண்ணு. உன் வேலையில ஒரு கொறையும் இல்ல. நான் குத்திப் பாத்தேன், எல்லாம் நல்ல சரக்கு."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று எனக்குப் புரிந்தது.

"நல்ல சரக்குன்னு தெரிஞ்சுமாங்க மாமா," என்றாள் தம்பி மனைவி வாசலிலிருந்து. "எம் புள்ள உங்க மொகத்தப் பாத்துக் கேட்டாளே, அன்னிக்கு உங்களுக்கு நாக்கு எங்கங்க போச்சு?"

பங்கைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்றேன். மகன் சண்டை போடுவான், போடட்டும் என்றேன்.

"அதெல்லாம் அப்பறம் வக்கீல வெச்சுப் பேசிக்கலாம். மொதல்ல இத எழுதிக் குடுங்க," என்று தாளை என் முன் வைத்தாள். விதைக் கம்பெனிக்கு ஒன்று, அவளுடைய பழைய கம்பெனிக்கு ஒன்று, பேனல் கொடுத்தவருக்கு ஒன்று.

எழுதினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அறியாமையால் நேர்ந்ததுன்னு எழுதியிருக்கீங்க. குத்துனது அறியாமதான், ஒத்துக்கறேன். ரெண்டு வருஷம் பேசாம இருந்தது?"

வேறு தாள் எடுத்து எழுதினேன். தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினேன். அவள் கைப்பேசியில் படம் எடுத்து மூன்று பேருக்கும் என் கண் முன்னாலேயே அனுப்பினாள்.

"பஜாருக்கு?" என்று கேட்டேன்.

"அது உங்க பாடு. ஒவ்வொருத்தர் காதுலயும் போக விட்டது நீங்கதானே. நீங்களே போயி எடுங்க."

டீக்கடையில் சொல்லிவிட்டேன். ரைட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகன் என்னோடு பேசுவதில்லை, பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சொல்ல இந்த உடம்பால் முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

அன்று நான் கிளம்ப எழுந்தபோது அவள் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. யாருக்கோ போன் போட்டாள். "ஏனுங்க, மாரமங்கலத்து அண்ணாங்களா? அந்த ரூம் இன்னும் கட்டலையில்லீங்க?" என்றாள். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் பென்சிலைத் திரும்ப எடுத்து நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். லாரி எதுவரைக்கும் வரும், இடம் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினேன்.